அத்தியாயம் 7: போனவர்களின் தெரு

சென்னை பாரிமுனையிலோ மதுரை மாசி வீதியிலோ கேமராவோடு நடப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டமே அவரை மறைத்துவிடும். லப்பைக்குடிக்காட்டில் அது நடக்காது. தொழுதூருக்கும் திட்டக்குடிக்கும் இடையே வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் இந்தப் பேரூரில், தெருமுனையில் கேமராவை வெளியே எடுத்த சற்று நேரத்திற்கெல்லாம் "தம்பி யாரு, எந்த ஊரு?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஊர் தன்னைக் காட்டும். பதில் சொல்லாமல் நழுவுகிறவருக்கு முதுகுகளும் சாத்திய கதவுகளுமே மிஞ்சும்.

இதற்கு முந்தைய அத்தியாயங்கள் பெருநகரத் தெருக்களைப் பற்றியவை. சிற்றூரில் இருந்துகொண்டு அன்றாட வாழ்க்கையைப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இந்த அத்தியாயம். லப்பைக்குடிக்காட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர், பிழைப்புக்காக வெளிநாடு போனவர்களின் ஊர். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போன ஆண்களின் சம்பாத்தியத்தில் எழுந்த மாடி வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்துக் காடுகள். பகல் நேரத்தில் தெருவில் கண்ணில் படுகிறவர்களில் முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் அதிகம், உழைக்கும் வயது ஆண்கள் குறைவு.

மாடி வீட்டைப் படம் எடுப்பது எளிது. அந்த வீட்டைக் கட்டியவர் அதில் இல்லை என்பதைப் படத்தில் கொண்டுவருவதுதான் கடினம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சிக்கலைச் சுற்றியே போகிறது.

கிழக்கு ஐரோப்பாவில் பாடம் இருக்கிறது

இதே சிக்கலை நமக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் கிழக்கு ஐரோப்பாவின் படக்காரர்கள். 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. செய்தித்தாள்களுக்கு அத்தோடு கதை முடிந்துவிட்டது, தெருவுக்கு அப்போதுதான் தொடங்கியது. அரசு ஆலைகள் மூடப்பட்டன. ஓய்வூதியத்தின் மதிப்பு கரைந்தது. முதியவர்கள் வீட்டுச் சாமான்களை நடைபாதையில் பரப்பி விற்க உட்கார்ந்தார்கள், இளைஞர்கள் மேற்கே கிளம்பினார்கள். 2004 மே 1 அன்று முன்னாள் கம்யூனிச நாடுகள் எட்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் அந்தப் புறப்பாடு இன்னும் வேகம் பிடித்தது. 1989இல் ஏறத்தாழ 90 லட்சமாக இருந்த பல்கேரியாவின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகச் சுருங்கியிருந்தது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், வெளியேற்றம் மற்றொரு காரணம்.

நம் ஊர்க் கதை இதிலிருந்து முக்கியமான ஓர் இடத்தில் வேறுபடுகிறது. அங்கே பலர் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார்கள், வீடு பாழடைந்தது. இங்கே ஆண் மட்டும் போகிறார், பணம் வருகிறது, வீடு வளர்கிறது. ஆகவே அங்கத்திய படங்களின் துயரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் அது பொய்யாகிவிடும். லப்பைக்குடிக்காட்டுத் தெருவில் பிரிவும் உண்டு, செழிப்பும் உண்டு, இரண்டும் ஒரே வாசலில் நிற்கின்றன. படத்தில் இரண்டும் வர வேண்டும்.

கிழக்கு ஐரோப்பாவில் நல்ல படங்களை எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த மண்ணில் பிறந்தவர்கள் என்பதை முதலில் கவனியுங்கள். லித்துவேனியாவின் அந்தானாஸ் சுட்கஸ் 1939இல் பிறந்தவர். சோவியத் ஆட்சி விரும்பியது சாதனை படைக்கும் தொழிலாளியின் படத்தை. அவரோ பள்ளிப் பிள்ளைகளையும் கிராமத்து முதியவர்களையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார். 1976இல் தொடங்கிய 'லித்துவேனிய மக்கள்' என்ற படவரிசைதான் அவர் வாழ்நாள் பணி. ஒரு சிறிய நாட்டின் சாதாரண முகங்களையே போதுமான பொருளாக ஏற்றுக்கொண்ட மனம் அவருடையது. அந்த மனம் முதலில் வேண்டும். "எங்க ஊர்ல எடுக்க என்னங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வாரணாசிக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

கிழக்கு பெர்லினின் ஹரால்ட் ஹவுஸ்வால்ட் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவர். வேலைக்காக நடந்த தெருக்களிலேயே படம் எடுத்தார், அந்த நாட்டின் ரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசியின் கண்காணிப்புக்கும் ஆளானார். நமக்கு அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. படம் எடுப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர், ஏற்கெனவே தன் வேலை இழுத்துப்போகும் பாதையில் எடுக்கலாம். பால் ஊற்றுபவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், மின் கணக்கெடுப்பவர், பள்ளி வேன் ஓட்டுநர் ஆகியோரின் கையில் இருக்கும் போன் எந்த வெளியூர்க் கலைஞரின் விலையுயர்ந்த கேமராவையும் விட இந்த ஊரில் கூடுதல் தூரம் போகும். அவர்களை எந்த வாசலிலும் யாரும் "யாரு?" என்று கேட்பதில்லை.

ஆனால் நம் சிற்றூருக்கு மிக நெருங்கிய ஆசிரியர் என்று நான் கருதுவது போலந்தின் ஸோஃபியா ரிடெட். 1911இல் பிறந்த அவர், 67 வயதில், 1978இல் 'சமூகவியல் பதிவு' என்ற வேலையைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகப் போய்க் கதவைத் தட்டுவார், வணக்கம் சொல்வார், வீட்டிற்குள் கண்ணில் படும் ஏதேனும் ஓர் அழகான பொருளைப் பாராட்டுவார். வீட்டுக்காரரின் முகம் மலரும். பிறகு அவரைச் சுவரோரமாக உட்காரவைத்து, அகலக்கோண லென்ஸும் பிளாஷும் கொண்டு நேருக்கு நேர் எடுப்பார். மனிதர் மட்டுமல்லாமல் அவர் சுவரும் படத்தில் வந்துவிடும்: கல்யாணப் படம், புனிதர் படம், போப் இரண்டாம் ஜான் பாலின் படம், தொலைக்காட்சிப் பெட்டி. 1990 வரை இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள். 1997இல் அவர் இறந்தபின், கம்யூனிசக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாட்டின் வீடுகள் எப்படி இருந்தன என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தப் படங்களிடம்தான் போகிறார்கள். அவர் ஒளிந்து நின்று எடுத்தவை எதுவும் அந்தப் பதிவில் முக்கியமில்லை. தட்டி, கேட்டு, உட்காரவைத்து எடுத்தவையே நிலைத்தன.

உக்ரைனின் கார்கிவ் நகரத்து போரிஸ் மிகாய்லோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோவியத் சரிவுக்குப் பின் வீடிழந்து தெருவுக்கு வந்தவர்களை 1997, 1998 ஆண்டுகளில் அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. பணம் கொடுத்து, நிற்கச் சொல்லி, பலரை உடை விலக்கியும் எடுத்தார். ஒரு சமூகம் தன் மக்களைக் கைவிட்டதைக் காட்ட வேறு வழியில்லை என்பார்கள் அவரை ஆதரிப்பவர்கள். அந்தப் படங்களின் வலு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சிற்றூரில் அந்த வழியில் இறங்காதீர்கள். பெருநகரத்தில் பெயரற்றவராக இருப்பவர் இங்கே இன்னாரின் மகன், இன்னாரின் தங்கை. அவர் படம் அவரை மட்டும் தொடாது, குடும்பம் முழுவதையும் தொடும்.

வெளிச்சம் நம்முடையது

கிழக்கு ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் செய்யும் முதல் வேலை, தங்கள் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி நிழலைக் கூட்டுவது. அது வேண்டாம். அந்தப் படங்களின் தோற்றத்திற்கு அங்கத்திய வானம் காரணம். லித்துவேனியத் தலைநகர் வில்னியுஸில் டிசம்பர் மாத நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 12 பாகைக்கு மேல் ஏறாது. பகல் முழுவதும் நிழல் நீண்டு கிடக்கும். மேகமூட்டமான நாள்களில் மெல்லிய சாம்பல் வெளிச்சம் எல்லா முகங்களிலும் சமமாகப் பரவும். வண்ணப் படச்சுருள் கிடைப்பதும் அக்காலத்தில் அங்கே அரிது.

லப்பைக்குடிக்காடு வடக்கே சுமார் 11.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம், நான்காம் வாரங்களிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆளின் நிழல் அவர் காலுக்கடியிலேயே சுருண்டுவிடும், கண்குழிகள் இருண்டுவிடும். இந்த ஊரில் உச்சி நேரம் கடிகாரப் பன்னிரண்டுக்குச் சற்றுப் பிந்தித்தான் வரும், ஆண்டின் பெரும்பகுதியில் 12 மணி கடந்து கால் மணி வாக்கில். ஆகவே காலை வெளிச்சம் நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் பொன்வெயில் என்று சொல்கிற சாய்ந்த வெளிச்சம் எழுந்தபின் ஒரு மணி நேரமும், அடையும் முன் ஒரு மணி நேரமுமே தங்கும். ஜூன் மாதத்தில் சூரியன் 5.50 வாக்கிலும் ஜனவரி இறுதியில் 6.35 வாக்கிலும் எழும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் தெருவில் இருக்க வேண்டும், டீக்கடையில் இடம் பிடித்திருக்க வேண்டும்.

மற்ற நேரத்தில் என்ன செய்வது? நிழலுக்குள் போங்கள். பத்து மணிக்குமேல் இந்த ஊர் மக்கள் தாங்களே நிழலுக்குப் போய்விடுகிறார்கள்: திண்ணை, கடை முன்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், வேப்பமரத்தடி, புது வீட்டுப் போர்டிகோ. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் அந்த நிழலுக்குள் மிருதுவான வெளிச்சமாக வரும். முகங்களுக்கு அதைவிட நல்ல விளக்கு எந்த ஸ்டூடியோவிலும் இல்லை. எதிரே இருப்பது பச்சை வண்ணம் அடித்த சுவராக இருந்தால் முகத்தில் பச்சை ஏறும், ஓரிரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறவர்களை எடுக்கும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, உச்சிவெயில், மாநிற முகம். கேமரா முகத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் சட்டை வெளுத்துத் துணியின் மடிப்புகள் காணாமல் போகும். வெள்ளையால் சட்டகம் நிறைந்தால் அதைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருட்டாக்கும். வெள்ளையில் மடிப்பு தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, பின்னர் நிழல்பகுதியைக் கொஞ்சம் தூக்குவதே சரி. வெளுத்துப்போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருண்டதை ஓரளவு மீட்கலாம். போனில் எடுக்கிறவர்கள் திரையில் வெள்ளைச் சட்டைமீது விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, தேவைப்பட்டால் விரலைச் சற்றுக் கீழே இழுக்கலாம்.

வண்ணத்திலேயே எடுங்கள். ராஜஸ்தானில் பிறந்த ரகுபீர் சிங், தெருப்படம் என்றாலே கறுப்பு வெள்ளை என்று உலகம் நம்பிய காலத்தில், இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க முடியும் என்று 1999இல் இறக்கும்வரை பிடிவாதமாக இருந்தார். லப்பைக்குடிக்காட்டு மாடி வீடுகளின் வண்ணங்கள் வெறும் அலங்காரமில்லை. யார் எப்போது ஊருக்கு வந்து எந்தக் காசில் பெயின்ட் அடித்தார் என்ற செய்தி அதில் இருக்கிறது. சாம்பலாக்கினால் அந்தச் செய்தி போய்விடும்.

லென்ஸைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8, குவியம் 3 மீட்டரில் என்று முழுச்சட்டகக் கேமராவில் வைத்துவிட்டால் சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். நடக்கிறவருக்கு ஷட்டர் வேகம் 250இல் ஒரு பங்கு, இருசக்கர வாகனத்துக்கு 500இல் ஒரு பங்கு. நீளமான ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஜூம் போட்டு எடுக்கிறவரைச் சிற்றூர் வேவு பார்க்க வந்தவராகவே நினைக்கும், அந்த நினைப்பில் தவறும் இல்லை.

எதை எடுப்பது

இல்லாதவரைக் காட்ட, அவர் விட்டுப்போனதையும் அவர் அனுப்பியதையும் அவருக்காகக் காத்திருப்பதையும் தேடுங்கள்.

அடுத்த மாடிக்காக மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் ஒன்று. அடுத்த விடுமுறையில், அடுத்த ஒப்பந்தத்தில் கட்டுவோம் என்று விட்ட கம்பிகள் அவை, சில துருப்பிடித்தும் போயிருக்கும். அந்தக் கம்பிகளில் துணி காயும். மாடியில் ஒருவர் துணி உலர்த்தும் காலை வேளையில் கீழிருந்து பார்த்தால் வீடு, வானம், வராத மாடி மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கும்.

பயணம் கிளம்பும் நாள் இன்னொன்று. திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி பெரும்பாலும் அகால நேரத்தில்தான் கிளம்பும். கயிறு இறுக்கிக் கட்டி, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகள் வாசலில் வரிசையாக இருக்கும். கட்டிப்பிடித்து அழும் கணத்தை எடுக்க எல்லோருக்கும் கை துடிக்கும். அந்த வீட்டார் கூப்பிட்டிருந்தால் தவிர அதை எடுக்காதீர்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் படத்துக்கு வளமானது: பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் மைத்துனர், மசாலாப் பொடிப் பொட்டலத்தைத் துணிக்குள் செருகும் தாய், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மறுபடி மறுபடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும் கை. விமான நிலையத்துக்குள் எடுக்க வேண்டிய தேவையே இல்லை, கதை வாசலிலேயே இருக்கிறது.

வீடியோ கால் பேசும் முதியவர்கள். போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, சத்தமாகப் பேசி, நடுவில் பேரனையும் ஆட்டுக்குட்டியையும் திரையில் காட்டும் அந்தக் காட்சியில் போனவர் திரைக்குள் இருக்கிறார். போன் திரை பிரகாசமாக எரியும், சுற்றிலும் இருட்டு. திரைக்கு அளவெடுத்தால் பாட்டி மறைவார், பாட்டிக்கு அளவெடுத்தால் திரை வெளுக்கும். அந்தி வெளிச்சத்தில் இரண்டும் சமமாகும் சில நிமிடங்கள் உண்டு, அப்போது எடுங்கள். திரையில் தெரிகிற முகம் மற்றொருவருடையது. அவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும், அதே அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.

ரம்ஜான் மாதத்துக்குத் தனியாகத் திட்டமிடுங்கள். மாலைநேர அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றத் தொடங்குவார்கள். தமிழக அரசு ஆண்டுதோறும் இதற்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. தூக்குவாளியோடு பிள்ளைகள் நிற்கும் வரிசையில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் பார்க்கலாம். பெரிய அண்டாவிலிருந்து எழும் ஆவி, அதன் பின்னாலிருந்து வரும் சாய்ந்த வெயில். வெயிலை எதிர்நோக்கி நின்றால் ஆவி தெரியும், முதுகுக்குப் பின் வைத்தால் தெரியாது. ரம்ஜான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகரும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் இறுதியில் ஒன்று என இரு முறை தொடங்கும். அதற்கடுத்த ஆண்டுகளில் நோன்பு வடகிழக்குப் பருவமழைக்குள் போய்விடும், இந்த வெயில் கிடைக்காது. கஞ்சி வரிசையைச் சாய்வெயிலில் எடுக்க விரும்புகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

ஊருக்கு வெளியே, அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயும். வெங்காயத்தைப் பட்டறை போட்டு மூடி வைத்திருப்பார்கள். வெள்ளாறு கோடையில் மணலாகவும் ஐப்பசி, கார்த்திகையில் நீராகவும் இருக்கும். இவையெல்லாம் அழகான படங்கள், எளிதில் கிடைப்பவையும்கூட. அளவோடு எடுங்கள். ஆற்றில் மணல் அள்ளுவதைக் கண்டால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். அது செய்தியாளர் செய்ய வேண்டிய வேலை. தனியாளாகத் தெருப்படம் எடுப்பவருக்கு ஆபத்தானது.

கேட்பது

ஊருக்குப் புதியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு ஜமாஅத் பொறுப்பாளர்களையும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியையும் பார்ப்பது. என்ன எடுக்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று ஒளிவில்லாமல் சொல்லுங்கள். பள்ளிவாசலுக்குள் எங்கே நிற்கலாம், எப்போது கூடாது என்று அவர்களே சொல்வார்கள். தொழுகிறவரின் முன்னால் குறுக்கே போகக் கூடாது. ஜனாஸா (இறுதி) ஊர்வலத்தைப் படம் எடுக்கக் கூடாது.

தெருவில் கேட்கும் முறைக்குப் பெரிய இலக்கணம் எதுவும் இல்லை. "அஸ்ஸலாமு அலைக்கும் பாய். இந்த ஊரப் பத்தி படம் எடுத்துட்டு இருக்கேன். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்பது போதும். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்ற அந்தச் சொல்தான் படத்தைக் காப்பாற்றும். அதைச் சொல்லாவிட்டால் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்து விறைத்துவிடுவார்கள். அப்படி நின்றாலும் தடுக்காதீர்கள், அவர் விரும்பிய விதத்தில் ஒரு படம் எடுங்கள். அது அவருக்கு. அதன்பின் டீ சொல்லி உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கான படம் அதற்கப்புறம் வரும்.

பெண்களைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. ஆண் படக்காரர், தெரியாத பெண்ணைத் தெருவில் அவர் அறியாமல் எடுக்கவே வேண்டாம். சட்டம் தடுக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. எப்போதாவது சமூக ஊடகத்தில் தப்பிப்போகும் அந்தப் படத்துக்காக வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண். இதனால் பெண்களின் வாழ்க்கை பதிவாகாமல் போய்விடாதா என்று கேட்கலாம். போய்விடும், பெண்களே எடுக்காவிட்டால். ரிடெட் ஒரு மூதாட்டி என்பதால் அவருக்குத் திறந்த கதவுகளை எண்ணிப் பாருங்கள். கல்லூரி போகும் மகள் கையில் இருக்கும் போன், ஒரு மதிய நேரத்துச் சமையலறையில் அம்மாவும் நன்னியும் (பாட்டியும்) பேசிக்கொண்டிருப்பதை எடுக்க முடியும். அந்தப் படத்தை உலகில் வேறு யாராலும் எடுக்க முடியாது. வீட்டாரை எடுப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு: புகைப்படக்காரர் எம். பழனி குமார் மீன் விற்கும் தன் தாயைப் பல ஆண்டுகள் எடுத்தவர். மலக்குழித் தொழிலாளர்களையும் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் படமாக்கி, 2022இல் முதல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். அன்றாட உழைப்பை அருகிருந்து பார்ப்பது எப்படி என்பதற்குத் தமிழில் இப்போது அவர்தான் முன்மாதிரி. இதைப் படிக்கும் பெண்கள் தயங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊரின் பாதியை உங்களால் மட்டுமே எடுக்க முடியும்.

பிள்ளைகளைப் படம் எடுத்தால் பெற்றோரிடம் கேட்டு, பெயரும் பள்ளிச் சீருடை அடையாளமும் தெரியாதபடி வெளியிடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் படம் எடுப்பதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு வெகுமுன்பே, 1994இல், கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததை ஒட்டி எழுந்த ராஜகோபால் வழக்கில், ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்க விவரங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்ணின் அந்தரங்கச் செயலை எடுப்பதும் பரப்புவதும் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம், முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கிழக்கு ஐரோப்பாவில் ஹங்கேரி இன்னும் ஒரு படி போனது. 2014 மார்ச் 15இல் நடப்புக்கு வந்த அதன் உரிமையியல் சட்டத்தின்படி படத்தை வெளியிட மட்டுமல்ல, எடுக்கவே சம்மதம் வேண்டும். கூட்டத்தை எடுப்பதற்கும் பொது வாழ்வில் தோன்றுகிறவரை எடுப்பதற்கும் மட்டும் விலக்கு. அந்நாட்டுத் தெருப்படக்காரர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கேட்டு எடுக்கப் பழகியவருக்கோ அந்தச் சட்டத்தால் பெரிய இழப்பு இருந்திருக்காது.

திருப்பிக் கொடுப்பது, எழுதி வைப்பது

எடுத்த படத்தை 4×6 அங்குல பிரிண்டாகப் போட்டு, எடுக்கப்பட்டவர் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது. போன் மாறும்போது படம் அழிந்துவிடும், பிரிண்ட் பீரோவுக்குள் போய் உட்காரும். பிரிண்டைக் கொடுக்கப் போகிற நாளில்தான் அந்த வீட்டு ஆட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எப்போது வருவார்கள், மாடிக் கம்பி ஏன் அப்படியே நிற்கிறது என்பதெல்லாம் பேச்சில் வரும். அந்தப் படத்தை அவர்களே போனில் எடுத்து குவைத்துக்கும் துபாய்க்கும் அனுப்புவார்கள். உங்கள் முதல் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தன் தெருவில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்பதைக் கல்யாண வீடியோ அவர்களுக்குக் காட்டுவதில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தெரு, நேரம், என்ன நடக்கிறது என்று இரண்டு வரி தமிழில் எழுதி வையுங்கள். கடைப்பெயர், பேருந்துக் கட்டணம், கஞ்சி ஊற்றிய மணி போன்ற சில்லறை விவரங்களை விட்டுவிடாதீர்கள். பின்னாளில் படம் பார்ப்பவருக்கு அவைதான் தேவைப்படும். இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, அவற்றை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் கூலி கொடுத்து எடுக்கச் சொல்லாத படத்தின் உரிமை எடுத்தவருக்கே, அவர் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுக்கும்.

உங்கள் படங்களுக்கு முன்பே ஊரில் படங்கள் இருக்கின்றன என்பதையும் மறந்துவிட வேண்டாம். பாஸ்போர்ட்டுக்காகவும், போவதற்கு முந்தைய நாள் குடும்பத்தோடும், ஸ்டூடியோவில் வரையப்பட்ட திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய், 1880 முதல் 1980 வரையிலான படங்களை மின்படியாக்கினார்கள். எல்லா ஊருக்கும் அவர்களால் வர முடியாது. டிஜிட்டல் வந்தபின் மூடிய ஸ்டூடியோக்களில் கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் பழைய சாமானோடு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒரு படம் எடுக்கும் முன், உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரையோ அவர் பிள்ளைகளையோ போய்ப் பாருங்கள். நெகட்டிவ் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஈரம் படாத இடத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள், படியெடுக்க அனுமதி வாங்குங்கள்.